துணிக்கு அடியில் ஆறு சாமான்

இந்த வருஷத்தில் இருந்து எல்.கே.ஜி. சேர்க்கைக்கு இண்டர்வியூ கிடையாதாம். ஃபாரம் கொடுத்தால் போதும், பிள்ளையை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று ஆபீஸ் வாசலில் எழுதி ஒட்டியிருக்கிறார்களாம். தமிழ் டீச்சர் வசந்தி வீட்டுக்கே வந்து சொன்னாள். "ஆண்டு மலர் போடறோம் ஆயாம்மா. அந்தக் காலத்து இண்டர்வியூ பத்தி நீங்க எழுதுங்க. உங்களவிட அது யாருக்குத் தெரியும்?" என்றாள்.

யாருக்கும் தெரியாதுதான். ஆனால் நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஒரு பக்கம் எழுத அரை நாள் ஆகும். பென்சிலில் எழுதிக் கொடுத்தால் தான் சரிசெய்து எழுதிக்கொள்வதாக வசந்தி சொன்னாள். பிழையைத் திருத்து, விஷயத்தைத் திருத்தாதே என்று சொல்லித்தான் ஒப்புக்கொண்டேன். எழுத உட்கார்ந்து பதினோரு நாள் ஆகிறது. உட்கார்ந்தேன் என்பது பேச்சுக்கு. நான்கு வரி எழுதினால் எழுந்து போய்க் குடத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கிறேன். இருக்கிறது. திரும்பி வருகிறேன். வாசல் கதவைத் தாழ் போட்டேனா என்று மறுபடி எழுந்து போகிறேன். பகல் வேளையில் யார் தாழ் போடுகிறார்கள்?

நான் வேலையில் சேர்ந்தது ஜில்லா பிரிந்த வருஷம், எண்பத்தொன்பது. திருவண்ணாமலைக்குக் கலெக்டர் வந்தார், அவரோடு நூறு ஆபீஸ் வந்தது, வேங்கிக்கால் பக்கம் வீடுகளாக முளைத்தன. வந்தவர்கள் எல்லோருக்கும் பிள்ளைகள் இருந்தன. எல்லோருக்கும் இங்கிலீஷ் மீடியம் வேண்டியிருந்தது. எங்கள் பள்ளியில் எல்.கே.ஜி.க்கு ஒரே ஒரு வகுப்பு. நாற்பது பிள்ளைகள் உட்காரலாம். ஃபாரம் வாங்க விடியற்காலையில் இருந்து கேட் வரைக்கும் வரிசை நிற்கும்.

எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தது மூத்த ஆயா ராஜம்மா. பெருக்குவது, பிள்ளைக்குக் கால் கழுவி விடுவது, மணி அடிப்பது எல்லாம் ஒரு மாதத்தில் வந்துவிட்டது. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. இண்டர்வியூ நாளில் பிள்ளையைத் தாயிடம் இருந்து வாங்கி ஹெச்.எம். ரூமுக்குக் கூட்டிப் போகிற வேலையை மட்டும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ராஜம்மா பிள்ளையைப் பறிப்பாள். பிள்ளை வீறிடும். உள்ளே போய் என்ன பேசும்?

நான் அதை மாற்றினேன். என் முறையை எழுதுகிறேன், இப்போது வேலையில் இருக்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். பிள்ளைக்கு எதிரே போய் நின்று கையை நீட்டக் கூடாது. இடுப்பில் இருக்கிற பிள்ளையை வாங்கவே கூடாது, முதலில் தாயை இறக்கிவிடச் சொல்ல வேண்டும். பிள்ளைக்குப் பக்கத்தில், அது பார்க்கிற திசையையே பார்த்துக்கொண்டு, தரையில் உட்கார வேண்டும். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசக் கூடாது. பிறகு என் சாவிக் கொத்தை எடுப்பேன். எல்லா வகுப்பு சாவியும் அதில் இருக்கும், நல்ல கனம். "பாப்பா, இதக் கொஞ்சம் புடிச்சுக்கிறியா? ஆயாவுக்குக் கை வலிக்குது" என்பேன். வேலை கொடுத்த பிள்ளை அழாது. இரண்டு கையாலும் சாவியைப் பிடித்துக்கொண்டால் தாயின் கை தானாக விடுபட்டுவிடும். வராந்தா முதல் தூணில் இருந்து ஹெச்.எம். ரூம் வரைக்கும் பதினாலு எட்டு. அந்தப் பதினாலு எட்டில் என் கையில் வந்து அழுத பிள்ளை இத்தனை வருஷத்தில் மூன்றுதான். மூன்றுக்கும் காய்ச்சல்.

இது ஊருக்குள் பரவி, இண்டர்வியூ மாதம் வந்தால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்குத் தாய் தகப்பன்கள் வர ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூட ரகசியம் ஒன்றும் சொல்ல மாட்டேன். பிள்ளையை எப்படித் தயார் பண்ணுவது என்று மட்டும் சொல்வேன். புதுச் செருப்பு வேண்டாம், பழசே போடுங்கள். வலை வைத்த கவுன் வேண்டாம், அரிக்கும். காலையில் பால் கொடுக்காதீர்கள், இட்லி கொடுங்கள். "பேசலைன்னா டீச்சர் ஊசி போடுவாங்க" என்று சொல்லவே சொல்லாதீர்கள். உட்காரச் சொன்னால் உட்காருங்கள். பிள்ளையைக் கேட்கிற கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லாதீர்கள்.

கடைசியாகச் சொன்னது அப்பாக்களுக்கு ஏறவே ஏறாது. சின்னக் கடைத்தெருவில் ஜவுளி வியாபாரம் பண்ணுகிற ஒருவர், பையனைத் தாயோடு உள்ளே அனுப்பிவிட்டு, பின்பக்கம் வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு, சொல்லிக் கொடுத்த பாட்டுக்குக் கையை ஆட்டி ஆட்டி அபிநயம் பிடித்தார். நட்சத்திரத்துக்கு ஒரு ஆட்டு, மழைக்கு ஒரு ஆட்டு. பையன் அப்பாவையே பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறான், வாய் திறக்கவில்லை. ஹெச்.எம். அம்மா திரும்பிப் பார்த்தார். "அஞ்சலை, அப்பா நல்லாத்தான் பண்றாரு. அவருக்கு சீட்டு குடுத்துடலாமா?" என்று கேட்டார். முகத்தில் சிரிப்பே இல்லை.

அவர் அப்படித்தான். எல்லோருக்கும் அவர் ஹெச்.எம். அம்மா. வேறு பேர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கஞ்சி போட்ட பருத்திப் புடவை. ஒவ்வொரு பிள்ளை உள்ளே வரும்போதும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜை மேல் குப்புற வைப்பார். பிள்ளை போன பிறகு எடுத்துக் கட்டிக்கொள்வார். ஒரு நாளைக்கு இருபது தடவை கழற்றுவார், இருபது தடவை கட்டுவார். ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் நடுவில் எழுந்து ஜன்னல் அருகே போய் நிற்பார். அங்கிருந்து வராந்தாவும் அதற்கு மேலே மலையும் தெரியும். மலையைப் பார்க்கிறார் என்றே நினைத்திருந்தேன்.

பேர் என்ன, அப்பா பேர் என்ன, ஏ பி சி டி, இதெல்லாம் அவர் கேட்க மாட்டார். அதெல்லாம் வீட்டில் ஏற்றி அனுப்பியது என்பார். அவருடைய பரீட்சை ஒரு எவர்சில்வர் தட்டு. அதில் ஆறு சாமான். மேலே ஒரு வெள்ளைத் துணி. பிள்ளை வந்ததும் துணியை எடுப்பார். "இது இன்னா? இத வச்சு இன்னா பண்ணுவாங்க?" தமிழில் சொன்னாலும் சரி, இங்கிலீஷில் சொன்னாலும் சரி. பொம்மை கூடாது, படம் கூடாது. ஏழை வீடு பணக்கார வீடு இரண்டிலும் கிடக்கிற சாமானாக இருக்க வேண்டும். காலையில் வைத்த தட்டு சாயங்காலம் வரைக்கும் அதேதான். அதனால் பேசி முடித்த பிள்ளையைப் பின்கதவு வழியாக அனுப்பிவிடுவோம், வெளியே காத்திருக்கிறவர்களைப் பார்க்க விடமாட்டோம்.

நான் சேர்ந்த இரண்டாவது வருஷம், தட்டில் இருப்பதை ஒரு டீச்சர் தெரிந்தவர்களுக்குச் சொல்லிவிட்டார். ஹெச்.எம். அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"அஞ்சலை, இனிமே தட்டுல இன்னா வைக்கிறதுன்னு நீதான் பாக்கணும். வச்சு மூடிடு. துணிய எடுக்கற வரைக்கும் எனக்கே தெரியக் கூடாது."

"நானாம்மா? நான் படிக்காதவ."

"உனக்குப் படிப்பு கம்மி, வாய் ஜாஸ்தி. ஆனா பொய் கம்மி."

பி.ஏ., பி.எட். படித்தவர்கள் பன்னிரண்டு பேர் இருந்த பள்ளியில் கேள்வித்தாள் தயாரித்தது நான். இதை நான் பெருமைக்காக எழுதவில்லை என்றால் பொய். பெருமைதான். இண்டர்வியூ நாளில் விடிவதற்குள் குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு போவேன். பூட்டு, சீப்பு, கரண்டி, கொட்டாங்கச்சி, வெங்காயம், நூல்கண்டு என்று யோசித்து யோசித்து எடுப்பேன். ஹெச்.எம். அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். வைத்து, மூடி, "ஆச்சும்மா" என்பேன். மூன்று வருஷம் ஒரு வார்த்தை வெளியே போனதில்லை. கற்பகம் பிள்ளைக்கு நான்கு வயது நெருங்குகிற வரைக்கும்.

கற்பகம் எங்கள் தெருதான். அவள் புருஷன் ஏழுமலை ஆட்டோ ஓட்டுகிறான். அவள் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம், வெள்ளைக்காரர்கள் வந்து தங்குகிற ஒரு கெஸ்ட் ஹவுஸில் ரூம் துடைத்து, படுக்கை விரிப்பு துவைக்கிற வேலை பார்த்தாள். பிள்ளை தேன்மொழியைக் கூடவே கூட்டிப் போவாள். மாடிப்படிக்குக் கீழே ஒரு சாக்கை விரித்து உட்கார வைத்துவிட்டு, "சத்தம் போடக் கூடாது பாப்பா, உள்ள தியானம் பண்றாங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போவாள். காலையில் இருந்து சாயங்காலம் வரைக்கும் அந்தக் கட்டிடத்தில் யாராவது ஒருவர் தியானத்தில் இருப்பார்கள். பிள்ளை பிறந்ததில் இருந்து கேட்டது இந்த ஒரு வாக்கியம்தான். அதனால் அது யாரிடமும் பேசாது. தாயிடம் மட்டும், அதுவும் காதுக்குள்ளே, காற்று மாதிரி. ஊமைப் பிள்ளை என்றே தெருவில் பாதிப் பேர் நினைத்திருந்தார்கள்.

ஒரு நாள் குழாயடியில் கற்பகம் என்னிடம் கேட்டாள். "ஆயாம்மா, எங்க தேனுவ உங்க ஸ்கூல்ல சேப்பாங்களா? ஃபாரம் வாங்கியாந்துட்டாரு அவரு."

நான் பதில் சொல்வதற்குள் மல்லிகா முந்திக்கொண்டாள். கலெக்டர் ஆபீஸில் வேலை பார்க்கிற ஒருவரின் பெண்டாட்டி. அவள் பையனுக்குப் போன வருஷம் சீட்டு கிடைக்கவில்லை. "பேசற புள்ளைக்கே குடுக்க மாட்டேன்றாங்க. பேசாத புள்ளைக்கா குடுக்கப் போறாங்க?" என்றாள். அதோடு விட்டிருக்கலாம். "ஆயா வேல பாக்கறவங்களக் கேட்டு இன்னா ஆவப் போவுது? பெல்லு அடிக்கச் சொன்னா அடிப்பாங்க" என்றாள்.

குடத்தை இறக்கி வைத்தேன். "கற்பகம், உன் பொண்ணு இந்த வருஷம் எங்க ஸ்கூலு. நான் கேரண்டி" என்றேன். குழாயடியில் ஆறேழு பேர் இருந்தார்கள். எல்லோரும் கேட்டார்கள்.

இங்கே எழுதுவதை நிறுத்திவிட்டு தெருமுனை வரைக்கும் போய்விட்டு வந்தேன். ஒரு வேலையும் இல்லை. சும்மா போனேன்.

கோடை விடுமுறை. தேன்மொழியை என் வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போகச் சொன்னேன். முதலில் குரல் வர வேண்டும். இரண்டு நாள் சாவிக் கொத்தைக் கொடுத்து உட்கார வைத்தேன். பேசவில்லை. மூன்றாம் நாள் வீட்டில் கிடந்த ஆறு சாமானை ஒரு தட்டில் வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினேன். பூட்டு, சீப்பு, கரண்டி, மெழுகுவர்த்தி, பொத்தான், துணி மாட்டுகிற கிளிப்பு. துண்டை எடுத்தேன். பிள்ளை கிளிப்பைத் தொட்டு, "எங்கம்மாது" என்றது. காற்றுதான், ஆனால் எனக்குக் கேட்டது.

பிறகு தினமும் அதே விளையாட்டு. முதலில் ஒன்று, பிறகு இரண்டு. அடுத்த வாரம் ஆறும் சொன்னது. குரல் ஏறிக்கொண்டே வந்தது. அதற்கு அந்த விளையாட்டு அவ்வளவு பிடித்துப்போய், நான் துண்டை எடுப்பதற்குள்ளேயே "பூட்டு! சீப்பு! கரண்டி!" என்று கத்த ஆரம்பித்தது. பேசாத பிள்ளை கத்துகிறது. நான் சிரித்தேன். கை தட்டினேன். மூடிய தட்டுக்குக் கை தட்டினேன். அதை அப்போது நான் யோசிக்கவில்லை.

தாயையும் தயார் பண்ணினேன். "உள்ள போனதும் உக்காருன்னு சொல்வாங்க. உக்காரணும். லாட்ஜுல நிக்கிற மாதிரி செவுத்தோரமா நிக்கக் கூடாது."

"சரி ஆயாம்மா."

"கையி சும்மா இருக்கணும்."

"சரி ஆயாம்மா."

பௌர்ணமி கழிந்த வாரம் இண்டர்வியூ வைத்தார்கள். பௌர்ணமி என்றால் பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியேயே நின்றுவிடும், பிள்ளைகளைக் கூட்டி வர முடியாது. தேன்மொழியைக் கூப்பிட்டிருந்த நாள் விடிவதற்குள் குளித்தேன். வீட்டில் இருந்து ஒரு பை எடுத்துப் போனேன். ஹெச்.எம். அம்மா வழக்கம் போல முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நான் தட்டில் சாமானை வைத்தேன். பூட்டு, சீப்பு, கரண்டி, மெழுகுவர்த்தி, பொத்தான், கிளிப்பு. கை தவறி எடுத்தது என்று எழுதலாம். வசந்தி அப்படித் திருத்தினாலும் திருத்துவாள். கை தவறவில்லை. நான்தான் எடுத்து வைத்தேன். "ஆச்சும்மா" என்றேன். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது.

தேன்மொழி பதினோராவது. தூண் அருகே சாவியைக் கொடுத்தேன். தாயின் கையை விட்டுவிட்டது. எதிரே தரையில் ஒரு பையன் காலை உதைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். அவன் பாட்டியால் அடக்க முடியவில்லை. தேன்மொழி அவன் அருகில் போய்க் குனிந்து, உதட்டில் விரலை வைத்து, "உஷ். உள்ள தியானம் பண்றாங்க" என்றது. பையன் திகைத்துப் போய் நிறுத்திவிட்டான். அது சாவிக் கொத்தை அவன் மடியில் வைத்துவிட்டு என் பின்னால் வந்தது. எனக்கு அப்போது அவசரம். பின்னால் ஒன்பது பிள்ளைகள் இருந்தார்கள். "வா, வா" என்று இழுத்துக்கொண்டு போனேன். ஹெச்.எம். அம்மா ஜன்னல் ஓரம் நின்றிருந்தார்.

ஏழுமலையும் கற்பகமும் பின்னாலேயே வந்தார்கள். "உக்காருங்க" என்றார் ஹெச்.எம். அம்மா. ஏழுமலை நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். கற்பகம் மற்ற நாற்காலி அருகே போனாள். அதன் முதுகில் கொஞ்சம் தூசி. முந்தானையை எடுத்து அந்த முதுகைத் துடைத்தாள், கைப்பிடி இரண்டையும் துடைத்தாள், அப்படியே குனிந்து காலையும் துடைத்தாள். தினமும் பன்னிரண்டு ரூம் துடைக்கிற கை. துடைத்துவிட்டு நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"உக்காரும்மா."

"பரவால்லீங்கம்மா. நிக்கிறேன்."

ஹெச்.எம். அம்மா கடிகாரத்தைக் கழற்றிக் குப்புற வைத்தார். தட்டை முன்னால் நகர்த்தினார். துணியின் முனையில் கை வைத்தார். அவ்வளவுதான். பிள்ளைக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பூட்டு! சீப்பு! கரண்டி! மேவத்தி! பொத்தான்! எங்கம்மா கிளிப்பு!"

துணி இன்னும் எடுக்கவில்லை.

கற்பகம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிள்ளை அத்தனை சத்தமாகப் பேசி அவள் கேட்டதே இல்லை. மூடிய தட்டு என்பதெல்லாம் அவளுக்குப் படவே இல்லை. ஏழுமலையும் சிரித்தான். ஹெச்.எம். அம்மா துணியை மெதுவாக எடுத்தார். ஒவ்வொரு சாமானாகப் பார்த்தார், பிள்ளை சொன்ன வரிசையிலேயே. துணியை நான்காக மடித்தார். என்னைப் பார்க்கவில்லை. "ரொம்ப நல்லா பேசறியே" என்று பிள்ளையின் கன்னத்தைத் தொட்டார். "லிஸ்ட் போடுவோம், பாத்துக்குங்க" என்று ஏழுமலையிடம் சொன்னார்.

அவர்கள் போனதும் கடிகாரத்தை எடுத்துக் கட்டினார். கொக்கி மாட்ட வழக்கத்தைவிட நேரம் ஆனது. "அஞ்சலை, நாளையில இருந்து தட்ட நானே வச்சுக்கறேன். அடுத்த பிள்ளையக் கூட்டியா" என்றார்.

ஒரு வார்த்தை திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். திட்டவில்லை. நான் போய் அடுத்த பிள்ளையைக் கூட்டி வந்தேன். பையன் மடியில் இருந்து சாவியை வாங்கிக்கொண்டு.

இண்டர்வியூ எல்லாம் முடிந்த மறுநாளே லிஸ்ட் போடுகிற வழக்கம். அந்த வருஷம் மூன்று நாள் போடவில்லை. மூன்று நாளும் நான் ஹெச்.எம். ரூமைப் பெருக்கினேன். அவர் மேஜையில் எழுதிக்கொண்டிருப்பார். நான் மேஜைக்கு அடியில் பெருக்குவேன். சொல்ல வாய் வரவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் பாதி. குழாயடியில் எப்படி நிற்பது என்பது மீதி. நான்காம் நாள் லிஸ்ட் ஒட்டினார்கள். ஏழுமலை இரண்டு தடவை படித்தான். தேன்மொழி பேர் இல்லை.

அன்று சாயங்காலம் கற்பகம் என் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை, வாசற்படியிலேயே நின்றாள்.

"பாப்பா ஆறும் சொல்லிச்சே ஆயாம்மா. அவரும் உக்காருன்னதும் ஒழுங்கா உக்காந்தாரு. நான்தான். நாக்காலியத் தொடச்சேன். உக்காருன்னு நீங்க எத்தினி வாட்டி சொன்னீங்க. அதனாலதான ஆயாம்மா?"

"இருக்கும்" என்றேன்.

அந்த ஒரு சொல்லை எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது.

அதோடும் நிற்கவில்லை. மறுநாள் குழாயடியில் மல்லிகா, "இன்னா ஆயாம்மா, கேரண்டி கார்டுல கையெழுத்து இல்லியா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான், "புள்ள நல்லாத்தான் சொல்லிச்சு. பெத்தவ போயி நாற்காலி தொடச்சா நான் இன்னா பண்றது?" என்றேன். தெருவே அதைப் பிடித்துக்கொண்டது. ஏழுமலைக்கும் எட்டியது. அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது அவனுக்கு அது தப்பாகவே படவில்லை. தெரு சொன்ன பிறகு பட்டது. வீட்டில் சண்டை வந்தால் "நாக்காலி தொடைக்கிறவளுக்குப் பேச்சப் பாரு" என்பான். இரண்டு வீடு தள்ளி இருக்கிற எனக்குக் கேட்கும்.

ஆறு வருஷம் கழித்து ஹெச்.எம். அம்மா ஓய்வு பெற்றார். கடைசி நாள் அலமாரியைக் காலி பண்ண நான்தான் கூட இருந்தேன். அடியில் இருந்து அந்தத் தட்டும் துணியும் வந்தன. என்னிடம் நீட்டினார்.

"இத நீ வச்சுக்கோ."

நான் வாங்கவில்லை. "அம்மா, அந்தப் புள்ள," என்று ஆரம்பித்தேன்.

"தெரியும். தியானம் பண்றாங்கன்னு சொல்லிச்சே, அந்தப் புள்ளதான? அதுக்கு நான் வராந்தாவுலயே சீட்டு போட்டுட்டேன் அஞ்சலை. எல்லாப் புள்ளைக்கும் அங்கதான் முடிவு பண்ணுவேன். தாயி கைய எப்படி விடுது, உன் கூட எப்படி நடந்து வருது, அதப் பாத்தாப் போதும் எனக்கு. தட்டு சும்மா ஒரு சாக்கு."

மலையைப் பார்க்கிறார் என்று நான் நினைத்திருந்தேன்.

"அப்புறம் ஏம்மா குடுக்கல?"

"நீ இன்னும் எத்தன பேருக்குச் சொல்லி வச்சிருந்தியோ, எனக்கு எப்படித் தெரியும்? சொல்லிக் குடுத்த புள்ளைக்குக் குடுத்தா மத்த புள்ளைங்களுக்கு அது நியாயமா? மூணு நாள் லிஸ்ட்ட ஒட்டாம வச்சிருந்தேன். இந்த ஒண்ணுக்குத்தான்னு நீ வந்து சொல்லுவியான்னு பாத்தேன். நீ மேஜைக்கு அடியில பெருக்கிட்டுப் போயிட்டே."

"அந்தப் பொண்ணோட அம்மா நாற்காலியத் தொடச்சாளே, அது?" என்று கேட்டேன்.

"நாற்காலியா?" யோசித்துப் பார்த்தார். "ஞாபகமே இல்லியே."

என்னை ஏன் வேலையில் வைத்திருந்தார் என்று கேட்டேன். "புள்ளைங்க உன் கையிலதான் அழாம வருது. அதுக்கு நான் எங்க போயி ஆள் தேடறது?" என்றார். வேறு நாளாக இருந்தால் அந்த வார்த்தையை நான் தெருவெல்லாம் சொல்லியிருப்பேன். இன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சொல்கிறேன்.

தேன்மொழி முனிசிபல் பள்ளியில் படித்தது. நன்றாகவே படித்தது. இப்போது செங்கம் ரோட்டில் ஒரு மருந்துக் கடையில் நிற்கிறது. டாக்டர் கிறுக்கியதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எந்த டிராயரில் எந்த மாத்திரை என்று திறக்காமலேயே சொல்கிறது. பிள்ளையைப் பற்றி எனக்குக் குறை இல்லை. தாயைப் பற்றித்தான். கற்பகத்துக்கு அப்புறம் ஒரு பையன் பிறந்தான். அவனுக்கு எங்கள் பள்ளியில் ஃபாரம்கூட வாங்கவில்லை. "நான் வந்தா கெட்டுப்பூடும்" என்றாளாம். பேங்க், ஆஸ்பத்திரி, ரேஷன் ஆபீஸ், எங்கே போனாலும் இரண்டு கையையும் முந்தானையில் சுருட்டிக்கொண்டு நிற்கிறாள். எதையாவது தொட்டுவிடுவோமோ என்று. நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பார்த்தால் என்னால் அந்த இடத்தில் இருக்க முடியாது. எழுந்து வந்துவிடுவேன்.

இதுவரைக்கும் எழுதி நேற்று வைத்துவிட்டேன். மலர் அச்சாகி வந்தால் யாராவது அவளுக்குப் படித்துக் காட்டுவார்கள். அப்படித் தெரியக் கூடாது என்று தோன்றியது. இன்று மத்தியானம் நானே போனேன்.

கற்பகம் வீட்டில்தான் இருந்தாள். என்னைப் பார்த்ததும் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, முந்தானையால் துடைத்தாள். "உக்காருங்க ஆயாம்மா."

நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தட்டு, துண்டு, நான் தட்டிய கை, மூன்று நாள், "இருக்கும்" என்றது, குழாயடியில் சொன்னது, ஒன்றும் விடவில்லை.

"அப்ப நாக்காலி இல்லியா?"

"இல்ல கற்பகம். அந்தம்மாவுக்கு அது ஞாபகமே இல்ல."

"பதினஞ்சு வருஷம் ஆயாம்மா."

"ஆமா."

நான் வாசல் பக்கம் திரும்பினேன். பின்னால் இருந்து அவள் குரல் வந்தது. சத்தமாக வந்தது.

"எங்க போறீங்க? இருங்க. அவரு சாப்பிட வர்ற நேரம். எனக்குச் சொன்னீங்கள்ல, அதையே அவரு முன்னாடி மொதல்ல இருந்து சொல்லுங்க."

"சரி" என்றேன்.

நடுவில் அந்த நாற்காலி துடைத்தபடியே கிடந்தது. ஆட்டோ சத்தம் தெருமுனையில் கேட்கும் வரைக்கும் அவளும் உட்காரவில்லை, நானும் உட்காரவில்லை.